டொலுயீனோடு வேலை செய்வது எப்படி? வேலூர் வெயிலுக்கான முழு வழிகாட்டி

எங்கள் லேபில் கரைப்பான்கள் வைக்கும் இரும்பு அலமாரிக்குள் ஒரு பழைய தெர்மாமீட்டரைக் கயிறு கட்டித் தொங்கவிட்டிருக்கிறோம். ஏப்ரல் நடுவில் மதியம் அது 36 காட்டும். கத்திரி வெயில் தொடங்கிவிட்டால் ஜன்னலைத் திறந்தாலும் மூடினாலும் 38-க்குக் கீழே இறங்காது. ஒவ்வொரு வருஷமும் புதிதாக வரும் எம்.எஸ்சி. பிள்ளைகளில் ஒருவராவது அதைப் பார்த்துவிட்டு, "டொலுயீன் 110 டிகிரியிலதானே சார் கொதிக்கும், 36-ல என்ன ஆயிடப்போகுது?" என்று கேட்பதுண்டு.

நியாயமான கேள்விதான். ஆனால் தப்பான எண்ணைப் பார்த்துக் கேட்கிற கேள்வி. டொலுயீன் விஷயத்தில் நடக்கும் விபத்துகளில் பாதி அந்தத் தப்பான எண்ணில்தான் தொடங்குகிறது என்பது என் அனுபவம்.

பழைய வட ஆற்காடு, குறிப்பாக இன்றைய வேலூர், ராணிப்பேட்டை, திருப்பத்தூர் வட்டாரத்தில் கல்லூரி லேப், தோல் கம்பெனியின் டெஸ்டிங் ரூம், ஷூ கம்பெனியின் பேஸ்டிங் மேசை என்று எங்காவது இந்தத் திரவத்தோடு மல்லுக்கட்டுகிறவர்களை மனதில் வைத்து இதை எழுதுகிறேன்.

முதல் படி: ஆளை அடையாளம் தெரிந்துகொள்ளுங்கள்

டொலுயீன் என்பது பென்சீன் வளையத்தில் ஒரு மெத்தில் தொகுதி ஒட்டிய மூலக்கூறு. ஏழு கார்பன், எட்டு ஹைட்ரஜன். மூலக்கூறு நிறை 92.14. நிறமில்லாத, தண்ணீர் போல ஓடும் திரவம். பெயிண்ட் கடைக்குள் நுழைந்ததும் மூக்கில் ஏறுமே, ஏறக்குறைய அந்த வாசனை. கொலம்பியாவின் டோலு என்ற ஊர்ப்பக்கத்து மரப்பிசினைக் காய்ச்சி வடித்தபோது கிடைத்ததால் இந்தப் பெயர். 1841-ல் டெவில் என்ற பிரெஞ்சு வேதியியலாளர் அந்தப் பிசினிலிருந்து எடுத்தார். இப்போது பிசினெல்லாம் கிடையாது, பெட்ரோலிய சுத்திகரிப்பு ஆலையிலிருந்துதான் வருகிறது.

அடர்த்தி 0.867. ஆகவே தண்ணீரில் மிதக்கும். கரையவும் கரையாது, ஒரு லிட்டர் தண்ணீரில் அரை கிராம் போனால் அதிகம். உறைய வேண்டுமானால் மைனஸ் 95 டிகிரிக்குப் போக வேண்டும், அந்தக் கவலை நமக்கு இல்லை.

பென்சீனோடு குழப்பிக்கொள்ள வேண்டாம். பென்சீன் மனிதருக்குப் புற்றுநோய் தருவது என்று உறுதியானது. சர்வதேசப் புற்றுநோய் ஆய்வு நிறுவனம் அதை முதல் வகையில் வைத்திருக்கிறது. டொலுயீனை மூன்றாம் வகையில், அதாவது புற்றுநோய் தரும் என்று வகைப்படுத்தப் போதிய ஆதாரம் இல்லாதவற்றில் வைத்திருக்கிறது. இந்த வித்தியாசம் அந்த ஒரு மெத்தில் தொகுதியால் வந்தது. நம் கல்லீரல் டொலுயீனைப் பிடித்தால் முதலில் மெத்தில் தொகுதியைத் தாக்கி பென்சாயிக் அமிலமாக்கி, அதோடு கிளைசின் சேர்த்து ஹிப்பூரிக் அமிலமாக சிறுநீரில் தள்ளிவிடும். பென்சீனில் தாக்குவதற்கு வளையத்தைத் தவிர வேறொன்றும் இல்லை, வம்பு அங்கே ஆரம்பிக்கிறது. பல லேபுகளில் பென்சீனுக்குப் பதில் டொலுயீன் வந்தது இதனால்தான். ஒரு எச்சரிக்கை: டிரம்மில் வரும் கமர்ஷியல் சரக்கில் கொஞ்சம் பென்சீன் கலந்திருக்கக்கூடும். பகுப்பாய்வுச் சான்றிதழைக் கேட்டு வாங்குங்கள்.

இரண்டாம் படி: சரியான எண்ணைப் பாருங்கள்

அந்தப் பையனின் கேள்விக்கு வருவோம். கொதிநிலை 110.6 டிகிரி, உண்மை. ஆனால் எரிவது திரவம் இல்லை, அதன் மேல் நிற்கும் ஆவி. அந்த ஆவி தீப்பற்றும் அளவுக்குச் சேர எவ்வளவு சூடு வேண்டும் என்பதைச் சொல்வது ஃபிளாஷ் பாயிண்ட். டொலுயீனுக்கு அது 4 டிகிரி. வேலூரில் மார்கழி விடியற்காலையில்கூட அந்தக் குளிர் கிடையாது. வருஷம் முழுக்க, ராத்திரி பகல் எப்போதும், திறந்து வைத்த டொலுயீன் பற்றிக்கொள்ளத் தயாராகவே இருக்கிறது.

இன்னொரு விஷயம் இதைவிட முக்கியம், ஆனால் பாடப்புத்தகத்தில் அழுத்திச் சொல்வதில்லை. டொலுயீன் ஆவி காற்றில் 1.1 சதவீதத்துக்கும் 7.1 சதவீதத்துக்கும் இடையே இருந்தால் எரியும். அதற்குக் குறைந்தால் ஆவி போதாது, கூடினால் காற்று போதாது. இப்போது பாதி காலியான ஒரு கேனை மூடி வைத்திருக்கிறீர்கள். உள்ளே மேலே இருக்கும் காலி இடத்தில் எவ்வளவு ஆவி இருக்கும்? 20 டிகிரியில் சுமார் 2.9 சதவீதம், 30 டிகிரியில் சுமார் 4.8. இரண்டும் எரியும் எல்லைக்கு நட்டநடுவில். பெட்ரோல் டேங்குக்குள் ஆவி அளவுக்கு மீறி அடர்ந்திருப்பதால் உள்ளே பொறி விழுந்தாலும் சாதாரணமாகப் பற்றாது. டொலுயீன் கேனுக்கு அந்தப் பாதுகாப்பு இல்லை. நம் ஊர் வெப்பநிலை, கச்சிதமாக அளந்து கலந்த கலவையைக் கேனுக்குள் தானே தயாரித்து வைக்கிறது. நிறைந்த கேனைவிடக் காலிக் கேனுக்கு நான் பயப்படுவது இதனால்தான். கத்திரியில் 40 டிகிரியைத் தொட்டால் உள்ளே 7.1-ஐத் தாண்டிவிடும் என்பது சரி, ஆனால் மூடியைத் திறந்தால் வாயருகே வெளிக்காற்று கலந்து மறுபடி எல்லைக்குள் வந்துவிடும்.

மூன்றாவது எண், ஆவியின் எடை. காற்றைப்போல மூன்று மடங்கு கனம். மேலே போகாது. மேசையில் வழிந்து, தரையில் படர்ந்து, சாக்கடைத் துவாரத்தைத் தேடிப் போகும்.

ஒரு கணக்கு போட்டுப் பாருங்கள். ஒரு லிட்டர் டொலுயீன் முழுக்க ஆவியானால் சுமார் 230 லிட்டர் ஆவி. பத்தடிக்குப் பத்தடி அறை, ஏழரை அடி உயரம் என்று வைத்துக்கொண்டால் அந்த முழு அறையையும் 1.1 சதவீதத்துக்குக் கொண்டுவர அது போதும். மூச்சுக்கு வேண்டிய கணக்கு இன்னும் மோசம்: அதே அறையை 100 பிபிஎம், அதாவது பத்து லட்சம் பங்கு காற்றில் நூறு பங்கு ஆவி என்ற அளவுக்குக் கொண்டுவர வெறும் 10 மி.லி. போதும். இருமல் சிரப் மூடி அளவுதான்.

நான் வேலைக்குச் சேர்ந்த புதிதில் ஒரு லேபில் இதைக் கண்ணால் பார்த்தேன். மேசையின் ஒரு முனையில் ஒரு பையன் பீக்கரில் டொலுயீன் ஊற்றி கிரீஸ் பிடித்த கண்ணாடி இணைப்புகளை ஊறவைத்திருந்தான். மறுமுனையில், ஆறடி தள்ளி, வேறொருவர் ஸ்பிரிட் லேம்ப்பைப் பற்றவைத்தார். நடுவில் ஒன்றுமே இல்லை, வெறும் மேசை. அந்த வெறும் மேசையின் மேல் ஒரு நீல நாக்கு ஓடியது. ஓடி வந்து பீக்கரைத் தொட்டதும் மஞ்சளாகி, கருப்புப் புகை கக்கியது. பையனின் புருவம் பொசுங்கியதோடு போயிற்று. "நான் தள்ளித்தானே சார் வெச்சேன்" என்று அவன் திரும்பத் திரும்பச் சொன்னது இன்னும் காதில் இருக்கிறது.

எதற்கெல்லாம் இது

ஆம்பூர், வாணியம்பாடி, பேரணாம்பட்டு பக்கம் இதன் பெயர் தெரியாதவர்களுக்கும் வாசனை தெரியும். ஷூவின் மேல்பாகத்தையும் சோலையும் ஒட்டும் சொல்யூஷனில், அதாவது நியோபிரீன் ரப்பரைக் கரைத்த பசையில், டொலுயீன் பல காலமாக முக்கியக் கரைப்பான். தோலுக்குப் பளபளப்பு ஏற்றும் லாக்கரில், தின்னரில், பெயிண்டில் எல்லாம் உண்டு. தண்ணீரில் கரைத்த பசைகளும் இப்போது வந்திருக்கின்றன, வசதி உள்ள கம்பெனிகள் அதற்கு மாறுகின்றன.

லேபில் பிரித்தெடுக்க, படிகமாக்க, வினையின்போது உண்டாகும் தண்ணீரை விரட்ட என்று பயன்கள் பல. மூலப்பொருளாக எடுத்தால் பென்சாயிக் அமிலம், சாயங்கள், டிஎன்டி வெடிமருந்து எல்லாம் இதிலிருந்து வருகின்றன. அந்தக் கடைசிப் பெயரை வைத்து ஒன்றைச் சொல்லிவிடுகிறேன்: நைட்ரிக் அமிலம் இருந்த கழிவுப் பாட்டிலில் டொலுயீன் கழிவை ஒருபோதும் ஊற்றாதீர்கள். அது டிஎன்டி ஆகாவிட்டாலும், சூடும் வாயுவும் கிளம்பி பாட்டில் வெடிக்கலாம்.

மூன்றாம் படி: வாங்கி வைப்பது

இரண்டரை லிட்டர் பாட்டிலை வாங்கி மூன்று வருஷம் வைத்திருப்பதைவிட 500 மி.லி. பாட்டிலாக வாங்குவது நல்லது. 1934-ம் வருஷத்துப் பெட்ரோலியம் சட்டப்படி ஃபிளாஷ் பாயிண்ட் 23 டிகிரிக்குக் கீழே உள்ள ஹைட்ரோகார்பன் திரவங்கள் ஏ வகுப்பு. லைசென்ஸ் இல்லாமல் ஓரிடத்தில் 30 லிட்டர் வரைதான் வைக்கலாம். அதிலும் கண்ணாடிப் பாட்டில் என்றால் ஒரு லிட்டருக்கு மிகக்கூடாது, உலோகக் கேன் என்றால் 25 லிட்டர். பல சின்ன யூனிட்டுகளில் இது தெரியாமலேயே படிக்கட்டுக்கு அடியில் டிரம் நிற்கிறது.

வைக்கும் இடம் மேற்குச் சுவரை ஒட்டி இருக்கக்கூடாது. மதியத்துக்கு மேல் அந்தச் சுவர் தோசைக்கல் போலக் காயும். தரைமட்டத்தில் காற்றோட்டம் வேண்டும், ஆவி அங்கேதான் தங்கும். நைட்ரிக் அமிலம், பெர்மாங்கனேட், பெராக்சைடு எதுவும் அதே அலமாரியில் வேண்டாம்.

சூட்டுக்குப் பயந்து சிலர் வீட்டு உபயோக ஃப்ரிட்ஜில் வைக்கிறார்கள். தயவுசெய்து வேண்டாம். ஃப்ரிட்ஜுக்குள் சாதாரணமாக 4 டிகிரியோ அதற்குக் கொஞ்சம் மேலோ இருக்கும், அதாவது ஃபிளாஷ் பாயிண்டிலேயே. உள்ளே விளக்கு ஸ்விட்சும் தெர்மோஸ்டாட்டும் பொறி விடும். மூடிய பெட்டிக்குள் ஆவியும் பொறியும்.

நான்காம் படி: ஊற்றுவது

டொலுயீன் மின்சாரத்தை ஏறக்குறைய கடத்தவே கடத்தாது. குழாயிலோ புனலிலோ வேகமாக ஓடினால் உரசலில் நிலை மின்சாரம் சேரும், வெளியேற வழி இருக்காது. அந்த ஆவியைப் பற்றவைக்க 0.24 மில்லி ஜூல் போதும். காய்ந்த நாளில் நைலான் சட்டையைக் கழற்றும்போது 'சட்டுச் சட்டு' என்று கேட்கிறதே, அது இதைப் பல மடங்கு தாண்டும்.

ஆகவே டிரம்மிலிருந்து எடுக்கும்போது டிரம்முக்கு எர்த் கொடுங்கள். பிடிக்கும் பாத்திரம் உலோகமாக இருக்கட்டும், இரண்டையும் ஒரு செம்புக் கம்பியால் கிளிப் போட்டு இணையுங்கள். பிளாஸ்டிக் வாளி, பிளாஸ்டிக் புனல் வேண்டாம். புனலின் கால் பாத்திரத்தின் அடிவரை போகட்டும், உயரத்திலிருந்து சொளசொளவென்று விழக்கூடாது. மெதுவாக ஊற்றி, ஊற்றி முடித்ததும் அரை நிமிஷம் பொறுத்துக் கிளிப்பை எடுங்கள். லேப் கோட் பருத்தியில் இருக்கட்டும். பாலியெஸ்டர் துப்பட்டாவைக் கழற்றி வெளியே மாட்டச் சொன்னால் பெண் பிள்ளைகள் முதலில் முகம் சுளிப்பார்கள். காரணம் சொன்னால் கேட்டுக்கொள்வார்கள்.

ஐந்தாம் படி: சூடாக்குவது

இதை ஒரு நிஜ வேலையோடு சொன்னால்தான் புரியும். மிளகாய்த் தூளில் எவ்வளவு ஈரம் என்று பார்க்க வேண்டும். அதை ஓவனில் வைத்துக் காயவைத்தால் தண்ணீரோடு வாசனை எண்ணெயும் போய்விடும், கணக்கு தப்பாகும். அதனால் டொலுயீனோடு கொதிக்கவைத்துத் தண்ணீரை மட்டும் பிரித்து அளக்கிறோம். டீன் ஸ்டார்க் கருவி என்று பெயர். ஆம்பூர் பிரியாணிக்கு அரைக்கும் மிளகாயாக இருந்தாலும் தோலை மென்மையாக்கப் போடும் ஃபேட் லிகர் எண்ணெயாக இருந்தாலும் வேலை ஒன்றுதான்.

கண்ணாடிச் சாமான்களைக் கொழுப்பு இல்லாமல் கழுவி நன்றாகக் காயவையுங்கள். சுவரில் ஒட்டும் ஒரு சொட்டுத் தண்ணீர்கூடக் கணக்கைக் கெடுக்கும். 40 கிராம் தூளைக் குடுவையில் போட்டு, அது மூழ்கும்படி டொலுயீன் ஊற்றுங்கள். நாலைந்து கொதிகற்களை இப்போதே போடுங்கள். கொதித்த பிறகு நினைவு வந்து போட்டால் பொங்கி மேலே வரும். ஆவியைக் குளிர்வித்துத் திரவமாக்கும் கண்டென்சரின் மேல்வாய் வழியாக டொலுயீன் ஊற்றி, அதன் கீழே உள்ள அளவுக்குழாயை நிரப்புங்கள்.

ஹீட்டிங் மேன்டிலில்தான், அதாவது குடுவையை உள்ளே உட்காரவைக்கும் மின்சார அடுப்பில்தான் சூடாக்க வேண்டும், அதுவும் ஆவியை வெளியே இழுத்துத் தள்ளும் ஹூட்டுக்குள். பர்னர், ஸ்பிரிட் லேம்ப், சுருள் தெரியும் ஸ்டவ் எதுவும் அந்த அறையிலேயே கூடாது. டொலுயீனும் தண்ணீரும் சேர்ந்து சுமார் 85 டிகிரியிலேயே வடிந்து வர ஆரம்பிக்கும். முதலில் அளவுக்குழாய் பால் போலக் கலங்கும். பிறகு அடியில் கண்ணாடி மணி போல ஒரு துளி உருளும், இன்னொன்று வந்து அதோடு சேரும். தண்ணீர் கனமானதால் அடியில் தங்க, டொலுயீன் மேலே வழிந்து குடுவைக்கே திரும்பும். முதலில் வினாடிக்கு இரண்டு சொட்டு, பெரும்பகுதி வந்ததும் நாலு சொட்டு. மட்டம் அரைமணி நேரம் அசையாமல் நின்றால் முடிந்தது. கண்டென்சரில் ஒட்டிய துளிகளைக் கொஞ்சம் டொலுயீன் விட்டு இறக்கி, ஆறவைத்து அளவைப் பாருங்கள். 4.2 மி.லி. என்றால் ஈரம் 10.5 சதவீதம்.

இதில் புத்தகம் சொல்லாத ஆபத்து ஒன்று உண்டு. பாலாற்றில் தண்ணீர் ஓடாத ஊர் இது. மேல்தொட்டி எப்போது காலியாகும் என்று யாருக்கும் தெரியாது. கொதித்துக்கொண்டிருக்கும்போது கண்டென்சருக்கு வரும் தண்ணீர் நின்றால் ஆவி முழுக்க நேராக அறைக்குள் வரும். குழாயை நம்பாமல், ஒரு பெரிய வாளியில் தண்ணீரும் ஐஸ் கட்டியும் போட்டு, ஏர்கூலரில் வரும் சின்ன மோட்டாரை அதில் மூழ்கவிட்டுச் சுற்றவிடுகிறோம். வாளி ஹூட்டுக்கு வெளியே, ப்ளக் இன்னும் தள்ளி. மேன்டிலும் மோட்டாரும் ஹூட்டின் ஃபேனும் ஒரே லைனில் இருந்தால் நல்லது. கரண்ட் போனால் மூன்றும் சேர்ந்து நிற்கும். அந்த நிமிஷத்தில் மேன்டிலைக் குடுவைக்கு அடியிலிருந்து இறக்கிவிடுங்கள், அது சூட்டை உடனே விடாது. அதனால்தான் மேன்டிலை ஏற்றி இறக்கக்கூடிய ஜாக் ஸ்டாண்டின் மேல் வைக்கச் சொல்வது.

ஆறாம் படி: உடம்பைக் காப்பது

ஒரு ஷூ யூனிட்டில் காற்றை அளக்கப் போயிருந்தேன். மேசைக்கு எட்டுப் பேர், ஒவ்வொருவர் முன்னும் திறந்த கிண்ணத்தில் சொல்யூஷன், கையில் பிரஷ். ஒரு அம்மாவிடம், "தலைவலி வருதாக்கா?" என்று கேட்டேன். பிரஷை நிறுத்தாமலே, "ஞாயித்துக்கெழம வராதுப்பா" என்றார். எந்த மீட்டரும் அதைவிடத் தெளிவாகச் சொல்லாது.

தலைவலி, கிறுகிறுப்பு, தூக்கக் கலக்கம் இவைதான் முதல் அடையாளம். வருஷக்கணக்கில் தொடர்ந்தால் ஞாபக மறதி, நிறம் பிரித்தறிவதில் குழப்பம், காது மந்தம். மெஷின் இரைச்சலும் டொலுயீனும் சேரும் இடத்தில் காதுக்குக் கேடு இன்னும் அதிகம். நம் 1948-ம் வருஷத்துத் தொழிற்சாலைச் சட்டம் எட்டு மணி நேரச் சராசரிக்கு 100 பிபிஎம் என்று எல்லை வைத்தது. அமெரிக்கத் தொழில்சார் சுகாதார வல்லுநர்கள் அமைப்பு 20-க்கு இறங்கிவிட்டது. 500-ஐத் தொட்டால் உடனே வெளியேற வேண்டிய நிலை. மூக்கை நம்பாதீர்கள். சில பிபிஎம்மிலேயே வாசனை தெரியும், ஆனால் கொஞ்ச நேரத்தில் மூக்கு பழகிவிடும். கர்ப்பிணிகளை இந்த மேசையிலிருந்து மாற்றிவிட வேண்டும், இதில் பேரம் கிடையாது. மாலையில் குடிக்கிறவர்களுக்கு ஒரு தகவல்: மதுவும் டொலுயீனும் ஒரே கல்லீரலில் போட்டி போடும், டொலுயீன் ரத்தத்தில் கூடுதல் நேரம் தங்கும்.

துணி மாஸ்க் ஆவியைத் தடுக்காது. கரிம ஆவிக்கான கார்ட்ரிட்ஜ் வைத்த மாஸ்க் வேண்டும். நீல நைட்ரைல் கையுறை தெறிப்புக்கு மட்டும்தான், சில நிமிஷங்களில் டொலுயீன் ஊடுருவிவிடும். நனைந்தால் உடனே கழற்றுங்கள். நீண்ட வேலைக்கு விட்டான் என்ற ஃபுளோரின் ரப்பர் கையுறை, விலை கூடுதல்தான். கையில் பட்ட பெயிண்டைத் தின்னர் விட்டுக் கழுவும் பழக்கத்தையும் விடுங்கள், தோலின் எண்ணெய்ப் பசையெல்லாம் போய் வெடிக்கும்.

சிறுநீரில் ஹிப்பூரிக் அமிலம் பார்க்கும் பரிசோதனையை இன்னும் சில இடங்களில் செய்கிறார்கள். கூல் டிரிங்க்ஸிலும் கடை ஊறுகாயிலும் இருக்கும் பென்சோயேட்டும் அதே அமிலமாகத்தான் வெளியேறும். அதனால் அந்த எண்ணை நம்ப முடியாது. டொலுயீனிலிருந்து உடம்பில் உண்டாகும் ஆர்த்தோ கிரெசாலைச் சிறுநீரில் பார்ப்பது மேல்.

யாராவது விழுங்கிவிட்டால் வாந்தி எடுக்கவைக்காதீர்கள். திரும்பி வரும்போது நுரையீரலுக்குள் போனால் அதுதான் உயிருக்கு ஆபத்து. 108-ஐக் கூப்பிடுங்கள். கண்ணில் பட்டால் 15 நிமிஷம் ஓடும் தண்ணீரில் கழுவுங்கள். மயங்கினால் திறந்த வெளிக்குத் தூக்கிப் போங்கள்.

ஏழாம் படி: சிந்தினால், பற்றினால்

சிந்தியதும் கை தானாக ஃபேன் ஸ்விட்சுக்குப் போகும். போகக்கூடாது. எந்த ஸ்விட்சையும் போடவும் வேண்டாம், அணைக்கவும் வேண்டாம். ஜன்னலைத் திறந்து, எல்லோரையும் வெளியே அனுப்பி, காய்ந்த மணலை வெளி ஓரத்திலிருந்து உள்நோக்கிக் கொட்டுங்கள். மரத்தூள் வேண்டாம், அதுவே எரியும். மணலைப் பொறி வராத முறத்தால் அள்ளி, மூடியுள்ள தகர டப்பாவில் போட்டு வெளியே வையுங்கள்.

தீ என்றால் தண்ணீர் பீய்ச்சாதீர்கள். எரியும் டொலுயீன் தண்ணீர் மேல் மிதந்து அறை முழுக்கப் போகும். நுரை, டிசிபி எனும் உலர் ரசாயனப் பவுடர், கார்பன் டை ஆக்சைடு மூன்றும் சரி. பீக்கர் அளவு தீயென்றால் ஒரு தட்டை மேலே மூடினாலே அணையும். அதற்கு மேல் போனால் வீரம் காட்டாமல் 101.

எட்டாம் படி: கழிவும் கழுவுவதும்

சிங்க்கில் ஒரு சொட்டும் போகக்கூடாது. சாக்கடையில் மிதந்தபடியே போய், ஆவி வேறொரு அறையின் துவாரம் வழியாக எழும்பும். ஹாலோஜன் (குளோரின், புரோமின் போன்றவை) இல்லாத கரைப்பான் கழிவு என்று எழுதிய கேனில், முக்கால் அளவுக்கு மேல் நிரப்பாமல் ஊற்றி, தேதி போட்டு, அங்கீகாரம் பெற்ற கழிவு எடுப்பவர்களிடம் கொடுங்கள். டொலுயீன் நனைத்த பஞ்சை சாதாரணக் குப்பைக் கூடையில் போட்டால், அடுத்து அதில் என்ன விழும் என்பது உங்கள் கையில் இல்லை.

கடைசியாகக் குடுவை. டொலுயீன் இருந்த குடுவையை அசிட்டோன் விட்டு அலசி, அவசரத்தில் ஈரத்தோடு ஓவனில் வைத்துவிடுவார்கள். ஓவனின் தெர்மோஸ்டாட் 'டிக்' என்று ஒட்டும்போது கதவு பறந்து எதிர்ச் சுவரில் மோதும். குடுவையை ஹூட்டுக்குள் கவிழ்த்து வைத்து ஃபேனைப் போட்டுவிட்டு வீட்டுக்குப் போங்கள். காலையில் வந்து முகர்ந்து பார்க்காமல், சோப்புத் தண்ணீரில் ஒருமுறை கழுவி, அப்புறம் ஓவனில் வையுங்கள்.